ஸ்டிரைக் நடந்தாலும் நடக்கும்

யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது என் பிறவிக் குணம். பால்காரர் இன்றைக்குத் தண்ணீர் கலக்கவில்லை என்று அவராகவே சொன்னால், அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வரும். "உயிரை எடுக்க வானத்துலேர்ந்து மலக்கு வந்தாலும், நெசமா ஒன்னைத்தான் அனுப்பினாங்களான்னு கேப்பே நீ" என்று மாமி, என் கணவரைப் பெற்றவர், என்னைக் கேலி செய்வார். கேட்டால் என்ன தப்பு என்றுதான் எனக்கு அப்போதும் தோன்றும்.

ஜெகதாப்பட்டினத்துக்கு மேற்கே, அறந்தாங்கி போகிற வழியில் எங்கள் ஊர். ஐம்பதுகளில் திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போகிற ப்ளேன் எங்கள் வீட்டு மாடிக்கு மேலேதான் போகும். ஊரில் மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எங்கள் வீட்டு இரண்டு மருமகள்களுக்கும் அது அப்படியில்லை. தெற்கே போனால் ஒருத்தியின் புருஷன் போகிறான், வடக்கே வந்தால் இன்னொருத்தியின் புருஷன் வருகிறான் என்று பொருள்.

என் கணவருக்கும் அவர் தம்பி சின்னவருக்கும் சேர்த்துக் கொழும்பில் ஒரு துணிக்கடை. மாமனார் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனார். கடைச் சாவி குடும்பத்துக்கு வெளியே போகக்கூடாது. ஒருவர் அங்கே போய்ச் சாவியை வாங்கிக்கொண்ட பிறகுதான் மற்றவர் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றம். ஆகவே எங்கள் வீட்டில் எப்போதும் ஒருத்தி பூ வைத்திருப்பாள், இன்னொருத்தி அடுப்படியில் பாத்திரத்தை ஓசைப்பட வைப்பாள். அந்த வருஷம் ஓசை என்னுடையது.

கணவர் கொழும்புக்குப் போனபோது நான் முழுகாமல் இருந்தேன். மகன் பிறந்தான், குப்புற விழுந்தான், நடந்தான். பெற்ற அத்தாவின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. சின்னவருடைய மகள் அவரை "அத்தா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, இவனும் அவரையே அத்தா என்று கூப்பிடத் தொடங்கினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்றம் சீக்கிரம் நடந்தாக வேண்டும், இவன் வாயில் அந்த வார்த்தை இறுகிப்போவதற்கு முன்னால் அதற்கு உரியவர் வந்தாக வேண்டும் என்று நாளெல்லாம் அதே நினைப்பு.

சின்னவர் கிளம்ப வேண்டிய வாரத்தில் திருச்சிக்கு டிக்கெட் போடப் போய்விட்டுத் திரும்பி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஏரோட்ரோம்ல ஸ்டிரைக் நடந்தாலும் நடக்குமாம் மதினி. இப்பப் போக வேணாம்னு டிக்கெட் ஆபீஸ்லயே சொல்றாங்க" என்றார்.

நடக்கும் என்றால் நடக்கும் என்று சொல்ல வேண்டும். நடக்காது என்றால் நடக்காது. நடந்தாலும் நடக்கும் என்பது என்ன பேச்சு? அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டுக் கிணற்றில் பெட்ரோல் ஊறினாலும் ஊறும்.

பெட்டி அவிழ்க்கப்பட்டது. அவர் பயணத்துக்கென்று நான் சுட்டு வைத்த பலகாரமெல்லாம் என் கணவருக்குப் போக வேண்டியவை. கெட்டுப் போய்விடும் என்று சொல்லிச் சின்னவரே உட்கார்ந்து தின்று தீர்த்தார். அடுத்த வாரம் மறுபடி பெட்டி கட்டினோம், மறுபடி சுட்டேன். மறுபடியும் நடந்தாலும் நடக்குமாம். பெட்டியைக் கட்டும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த என் ஓரகத்தி, அவிழ்க்கும்போது முனகலாக ஏதோ பாடினாள். அந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஸ்டிரைக் திருச்சியில் இல்லை, என் வீட்டில் இவர்கள் இருவரும் படுக்கிற மேற்கு அறையில்தான் நடக்கிறது.

அப்புறம் நான் விசாரணையில் இறங்கினேன். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளிடம், கடல் மேலே ப்ளேன் போகிறதா என்று கேட்டேன். "நான் மேல பாத்துக்கிட்டு நின்னா ஒங்க வீட்டுப் பூனை கூடையைக் காலி பண்ணிரும் தாயி" என்றார். திருச்சிக்கு அடிக்கடி போய்வரும் எதிர்வீட்டு வியாபாரியின் மனைவியைப் பிடித்தேன். புதுக்கோட்டை தாண்டித் திருச்சிக்குப் போகிற பஸ், ஏரோட்ரோம் வாசல் வழியாகத்தான் போகும். "கொடி, கோஷம், கூட்டம் ஏதாவது பாத்தாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். அவர் கணவர் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவாராம். எனக்கென்று வாய்த்த சாட்சிகள் இவ்வளவுதான்.

நான்கைந்து நாள் வானம் சத்தமில்லாமல் கிடந்தது உண்மை. அதற்கும் எனக்குச் சந்தேகம்தான், மழை மூட்டமாக இருந்தால்கூடப் ப்ளேன் வராது. அதற்கடுத்த நாள் மாடியில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ப்ளேன் உறுமிக்கொண்டு தெற்கே போனது. வெள்ளை வெளேரென்று, கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சத்தில்.

நெல்லை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன். சின்னவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஓரகத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஸ்டிரைக்னு சொன்னீங்களே, இப்ப மேல போனது என்ன பருந்தா?"

"போறது போகும் மதினி. திரும்பி வர்றப்ப அங்கிட்டே நிப்பாட்டிட்டா? நான் போய்ச் சேர்ந்து, அண்ணன் கெளம்ப முடியாம மாட்டிக்கிட்டா என்ன செய்யிறது? அவங்களுக்காகத்தான் பாக்குறேன்."

"அவங்களுக்காகவா? கப்பல்ல போக வேண்டியதுதானே?"

"கப்பல்ல போனா மண்டபம் கேம்ப்புல எறக்கி, தொத்துநோய்க்குன்னு ஊசியப் போட்டு நாள்கணக்கா உக்கார வச்சிருவாங்க. எனக்குக் கப்பல் ஏறுனாலே கொடலு வாய்க்கு வந்துரும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்தும் சொன்னேன்: "ஏரோட்ரோம்ல ஒரு ஸ்டிரைக்கும் இல்ல. ஒங்க பொண்டாட்டி முந்தானையில இருக்குது ஸ்டிரைக்."

ஓரகத்தியின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. சின்னவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். மறுநாளே தனுஷ்கோடி போகக் கிளம்பிவிட்டார், கப்பலுக்கு. வாசலில் ஓரகத்தி என்னைப் பார்க்காமல் நின்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், அதை மறைக்கவும் இல்லை.

அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து சாவியை வாங்கிக்கொண்டார் என்று தகவல் வந்தது. நான் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். புதுப்பாய் வாங்கினேன். மகனை மடியில் வைத்து, "அத்தா ப்ளேன்ல வருவாங்க" என்று வானத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். ப்ளேன் வடக்கே வரும். அன்று சாயங்காலப் பஸ்ஸிலிருந்து யாரும் இறங்க மாட்டார்கள். மறுபடி வரும். மறுபடியும் யாரும் இறங்க மாட்டார்கள்.

ஒருநாள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாசலுக்கு வந்தார். கொழும்பில் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். முந்தின நாள்தான் ஊர் வந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், மாமி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரு சொல்லச் சொன்னாரு. ப்ளேன் ஸ்டிரைக் நடந்தாலும் நடக்குமாம். நிலவரம் சரியானதும் வாரேன்னாரு" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"நீங்க எதுல வந்தீங்க?"

"ப்ளேன்லதான்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது. தரையைப் பார்த்தார். குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்.

சாவி கை மாறியாயிற்று. ப்ளேன் போகிறது, வருகிறது. வரவேண்டும் என்று நினைக்கிற மனுஷனுக்கு எந்தத் தடையும் இல்லை. அங்கே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று மனசு ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் சொல்ல எனக்கு வாய் வராது. இத்தனை நாளும் என் சந்தேகத்தை மேற்கு அறைக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தேன். ஒருநாளாவது அதைக் கடல் தாண்ட விடவில்லை.

ஓரகத்தி மடித்த துணியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் பேச்சுக்காகத் தன் புருஷனைக் குடல் புரளக் கப்பலில் அனுப்பி வைத்தவள். எனக்கு நான் சொன்னதையே திருப்பிச் சொல்லலாம். வாசல் வரைக்கும் கேட்கும்படி சிரிக்கலாம். நான் அவளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"ஸ்டிரைக்காத்தான் இருக்கும் லாத்தா" என்றாள். "அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

யார் சொல்வதையும் நம்பாத நான், "ஆமா, இருக்கும்" என்றேன்.

ரமலான் நோன்பு முடிந்த பிறகுதான் என் கணவர் வந்தார், அதுவும் கப்பலில். கொழும்பில் ஸ்டிரைக் என்று எல்லோருக்கும் விவரமாகச் சொன்னார். மீன்கார அம்மாள் முதல் எதிர்வீடு வரை விசாரித்த நான், அவரை மட்டும் விசாரிக்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது.

வந்த அன்று, பஸ்ஸிலிருந்து அவர் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு ஓரகத்தியின் மகள், "பெரியத்தா வந்துட்டாங்க" என்று கத்திக்கொண்டு ஓடினாள், அவளுக்கு அவர் பெரியப்பாதான். அவள் பின்னாலேயே என் மகனும் ஓடினான். அவள் சொன்னதையே அவனும் சொன்னான். பெரியத்தா, பெரியத்தா என்று சொல்லிக்கொண்டே போய் அவருடைய காலைக் கட்டிக்கொண்டான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிள்ளையைத் திருத்த வேண்டியவள் நான்தான். அவரே திருத்திக்கொள்ளட்டும் என்று நான் நிலைப்படியிலேயே நின்றேன்.