அறுபத்து மூன்றை நான் வகுத்த விதம்

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். அக்காவிடம் வாயால் சொல்லப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. தம்பி, நீயும் படி. அன்று நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பி வைக்கும் பெரிய தாங்கிகளின் மீட்டரைப் பார்த்து, மணிக்கொரு தரம் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. அதனால் எண்கள் எனக்குத் தெரியும் என்று ஓர் எண்ணம் இருந்தது.

உங்கள் இருவருக்கும் ஒரே மாதத்தில் பரீட்சை முடிவு வந்தது. தம்பி இங்கே படித்தான், நாலுக்கு 3.41. அக்கா சென்னையில் படித்தாள், நூற்றுக்கு 63. அவள் இங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தில் நாலுக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். குறைந்தது 2.75 வேண்டுமாம்.

"காலேஜ்லேர்ந்து லெட்டர் கேட்டிருக்கேன்பா. வந்ததும் அனுப்பிடலாம்" என்றாள்.

"இதுக்கு எதுக்கும்மா லெட்டர்? சாதாரணக் கணக்குதானே."

சுவரில் தொங்கிய குதிரைப் படம் போட்ட காலண்டரில், அந்த மாதத் தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். நூற்றுக்கு 63 என்றால் நாலுக்கு 2.52. அதற்கு மேலே தம்பியின் 3.41-ஐயும் எழுதினேன்.

"அக்கா, நான் கெலிச்சிட்டேன் லா" என்றான் தம்பி.

"ரொம்ப ஆடாதடா. உன் அசைன்மென்ட்ல பாதி நான் டைப் பண்ணது."

நாம் மூவரும் சிரித்தோம். பிறகு நான்தான் சொன்னேன்: "ரெண்டரைதாம்மா வருது. அவங்க கேக்குறது ரெண்டே முக்கால். விண்ணப்பம் போட்டு அவங்க வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படும். விட்டுடு." அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காலண்டரைப் பார்த்தாள். சொல்லவில்லை.

அந்தக் காலண்டர் வாசலுக்கு நேரே தொங்கியது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த இரண்டு எண்களையும் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கு நானே விளக்கமும் சொன்னேன்.

விண்ணப்ப நாள் முடிந்தது. அக்கா சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டாள். விடியும் முன்னே பஸ் பிடித்துப் பாலம் கடந்து போகத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் காலேஜிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அவள் பிரித்துப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் வகுப்பு என்று இருந்தது. துறையில் இரண்டாவது என்றும் இருந்தது.

எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் விண்ணப்பிக்க இருந்த பல்கலைக்கழகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா நிதானமாகப் படித்தார். நான் போட்ட கணக்கையும் சொன்னேன்.

"அப்படி வகுக்கக் கூடாது, பாக்சிக்" என்று மலாயில், மாமா முறை வைத்துச் சொன்னார். "அவங்க மார்க் போடுற விதமே வேற. அந்தக் காலேஜ்ல அறுபதுக்கு மேல வாங்கினாலே முதல் வகுப்பு. ஒவ்வொரு ஊருக்கும் எங்ககிட்ட ஒரு அட்டவணை இருக்கு. இந்த மார்க்குக்கு விண்ணப்பம் தாராளமா எடுபட்டிருக்கும்."

"இப்பக் குடுக்கலாமா?"

"இந்த வருஷம் ஆள் எடுத்து முடிச்சாச்சு."

பஸ்ஸில் திரும்பும்போது என் தாங்கிகள்தான் நினைவுக்கு வந்தன. பழைய தாங்கியின் வெப்பமானி பாரன்ஹீட்டில் காட்டும், புதியது செல்சியஸில் காட்டும். பாரன்ஹீட் எண்ணை நான் ஒருநாளும் மனக்கணக்கில் மாற்றி எழுதியதில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்துத்தான் எழுதுவேன். எண்ணெய்க்குக் காட்டிய அந்தக் கவனத்தை என் மகளுக்குக் காட்டவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வந்ததும் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்பா. காலேஜ்லயே சொல்லியிருந்தாங்க" என்றாள்.

"அப்போ ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க காலண்டர்ல எழுதிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அடுத்த வருடம் போடலாம்மா என்று சொல்லவும் வழியில்லை. கையெழுத்துப் போட்ட இரண்டு வருடம் நடுவில் கிடந்தது.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. காலண்டரை இறக்கி, பின்னால் மடித்திருந்த அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். எங்கள் மீட்டர் புத்தகத்தில் தவறாக எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது, வெள்ளை மையும் பூசக் கூடாது. தவறு தெரியும்படி ஒரே கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். 2.52-இன் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் '63, முதல் வகுப்பு' என்று எழுதினேன். கீழே கையெழுத்து வைத்தேன். பிறகு அந்தப் பழைய மாதமே முன்னால் தெரியும்படி காலண்டரை ஆணியில் மாட்டினேன்.