அச்சில் விழுந்த தழும்பு

பழைய கண்ணாடிச் சாமான்களைப் பார்த்து, எப்போது செய்தது, எங்கே செய்தது என்று சொல்வது எனக்குப் பொழுதுபோக்கு. பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன்; அந்தத் துணிவில் தொடங்கியது. பெயரோ முத்திரையோ இல்லாத சாமான்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். சிலநேரம் வீட்டுக்கே கூப்பிடுவார்கள். அப்படித்தான் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருத்தி, வல்வெட்டித்துறையிலுள்ள தன் மாமியார் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள்.

மாமியார் எழுபது கடந்தவர். அவருடைய தகப்பன் பர்மாவுக்குக் கப்பலோடியவராம். அலுமாரியிலிருந்த சாமான்களை எடுத்துத் துடைத்து, மேசையில் வெள்ளைத்துணி விரித்து அடுக்கியிருந்தார். முதலில் ஒரு போத்தலைத் தந்தார். அடியில், செய்யும்போது ஒட்டிப் பிடித்திருந்த கம்பியை முறித்தெடுத்த சொரசொரப்பான தழும்பு இருந்தது. வாயால் ஊதிச் செய்தது என்று சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்து ஒரு பச்சைக் கிண்ணம். கால் வைத்தது, விளிம்பு பூவிதழ் மாதிரி. அதைத் தூக்கியதும் என் பெருவிரல் தானாகவே அடியில் ஓரிதழைத் தேடிப் போனது. அங்கே கொக்கிபோல வளைந்த ஒரு சின்ன மேடு இருந்தது.

கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

வலிகாமம் வடக்கில் எங்கள் வீட்டில் இதே கிண்ணம் இருந்தது. அம்மா அதில் மாம்பழம் வெட்டி வைப்பார். அந்தக் கொக்கியைத் தடவிக்கொண்டேதான் நான் சாப்பிடுவேன். போரில் ஷெல் விழத் தொடங்கியபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். பிறகு ஊரில் வீடு வீடாகச் சாமான் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். இழந்தவற்றைச் சொல்லும்போதெல்லாம் அம்மா இந்தக் கிண்ணத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. சாகும்வரை சொன்னார்.

இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். தன் தாய் சீதனமாகத் தந்தது என்றார் அவர்.

"இல்லை," என்றேன். "இது எங்கடை வீட்டுக் கிண்ணம்."

கூட்டிவந்தவள் "ரீச்சர்" என்று என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். கொக்கியைக் காட்டினேன். ஆட்களில்லாத வீடுகளில் எடுத்த சாமான்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்று எங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னேன். ஒரு முதிய பெண்ணிடம், அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு, அவ்வளவையும் சொன்னேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். என்னை வெளியே போகச் சொல்லத்தான் வருவார் என்று நினைத்தேன். ஆனால் பழைய சீலைத்துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து, என் முன்னால் அவிழ்த்தார். அதே பச்சை. அதே இதழ்கள். தடவிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே கொக்கி.

"இதுவும் உங்கடையோ, பிள்ளை?" என்றார்.

எங்களிடம் இருந்தது ஒன்றேயொன்று. ஊதிச் செய்த கண்ணாடியில் உள்ள குமிழி அந்த ஒன்றுக்கே சொந்தம். இந்தக் கிண்ணம்போல அச்சில் அழுத்திச் செய்ததில் உள்ள தழும்போ அச்சினுடையது, அதில் வார்த்த எல்லாவற்றிலும் விழும். எத்தனையோ பேருக்கு நான் விளக்கிச் சொன்ன விஷயம் இது. என் அம்மாவின் கிண்ணம் என்றதும் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றதாகவோ ஏற்காததாகவோ காட்டவில்லை. மருமகளிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "சரி, வந்த வேலையைப் பாரும். உதுக்கு எத்தினை வயசு?" என்றார்.

யன்னலைச் சாத்தி, கள்ளநோட்டுக் கண்டுபிடிக்கும் புறஊதா விளக்கை அடித்தேன். இரண்டும் பச்சையாக ஒளிர்ந்தன. யுரேனியம் கலந்த கண்ணாடி. பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்கு முந்தியதாக இருக்கும் என்றேன். ஒன்றில் கொக்கி கூராகவும் மற்றதில் மழுங்கியும் இருந்தது. அச்சு தேயமுதல் வார்த்தது கூரானது, அதுதான் மூத்தது. செய்தவர் யாரென்று என்னால் சொல்லமுடியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

பஸ்ஸில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வரும்வரை கூட்டிப்போனவள் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த நாள் கனடாவிலிருக்கும் தம்பி போன் எடுத்தான். வெட்கத்தோடு நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அக்கா," என்றான், "அதை ஒருத்தரும் எடுக்கேல்லை. வெளிக்கிடுறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி நான்தான் போட்டு உடைச்சனான். துண்டுகளைக் கிணத்துக்குள்ளை போட்டிட்டன்."

அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அம்மா கவனிக்கமுதல் இடம்பெயர்ந்துவிட்டோம். பிறகு அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழ, அவனுக்கு வாய் வரவில்லையாம். முப்பது வருடத்துக்கு மேலாக, முகம் தெரியாத கள்வரை நாங்கள் திட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் அவனும் கூடவே இருந்திருக்கிறான். போனை வைத்தபிறகும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்துதான் எழும்பினேன்.

பின்னேரம் அந்த வல்வெட்டித்துறை அம்மாவின் நம்பரை வாங்கி எடுத்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் முழுவதும் கேட்டார்.

"உம்மடை அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாமலே போச்சுதோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப தம்பியை ஏசாதையும், அவன் இவ்வளவு காலமும் சுமந்தது காணும்," என்றார். அந்தப் பக்கத்தில் யாரோ கதவு தட்ட, பிறகு கதைப்போம் என்று வைத்துவிட்டார்.