அன்புச்செல்வியின் தகுதிச் சான்று

அன்புச்செல்வி தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஷூ வாங்கியபோது அவளுக்கு இருபத்தாறு வயது. 1996, ஜனவரி மாதக் கடைசி. கனத்த அடிப்பாகம் வைத்த, கணுக்கால் வரை ஏறும் ஷூவை எடுத்துக் காட்டிய கடைக்காரர், "ஊட்டுக்காரருக்குங்களா?" என்று கேட்டார்.

"எனக்குத்தானுங்க."

"இது மலை ஏறுறவங்க போடறதாச்சுங்களே?"

"மலை ஏறத்தானுங்க போறேன்."

அதைச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோயமுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டர். டில்லி, டேராடூன் ஆபரேட்டர்களோடு தினமும் பேசுகிறவள், பழனிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அலுவலக விளையாட்டுக் குழு பெண் ஊழியர்களை இமயமலைக்குக் கூட்டிப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வழிகாட்டிகளோடு பதினோரு நாள் நடை, பதினாறாயிரம் அடி உயரம். தமிழ்நாடு முழுக்கப் பன்னிரண்டு பேர். கோயமுத்தூரிலிருந்து அவளும் தோழி ஜோதிமணியும் பெயர் கொடுத்தார்கள்.

சூலூரை ஒட்டிய காலனியில் ஓட்டு வீடு. அப்பா மாசாணம் இறந்து பத்து வருடமாகிறது. அம்மா கருப்பாத்தாள் மகளுக்கு அரசாங்க வேலை கிடைத்த பிறகும் தோட்டத்துக் கூலி வேலையை விடவில்லை.

"ஏங்கண்ணு, மலை ஏறோணும்னா மருதமலை பத்தாதா? அத்தன தூரம் போவோணுமா?" என்றுதான் முதலில் கேட்டாள். ஆனால் மறுநாள் களை எடுக்கிற பெண்களிடமெல்லாம், "என்ற புள்ள இமயமலைக்குப் போவுது. சர்க்காரே கூட்டிப் போவுது" என்று சொல்லியிருந்தாள். யார் யாரோ வீட்டுக்கு வந்து ஷூவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பயிற்சி கொடுத்தவர் திருமூர்த்தி. பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவர், அதில் பாதி பனிமலையில். இப்போது எக்ஸ்சேஞ்சில் லைன்மேன்களுக்கு மேற்பார்வை. குழுவுக்குத் தலைமையும் அவர்தான். பிப்ரவரியிலிருந்து ஞாயிறுதோறும் மருதமலைப் படிக்கட்டு. முதுகுப் பையில் பத்துக் கிலோ மணல். "மூச்சுக்குத் தக்கன காலை வெய்யுங்க அம்மணி. காலுக்குத் தக்கன மூச்சை இழுக்காதீங்க" என்பார்.

முதல் மாதம் அன்புச்செல்விதான் முதலில் மேலே போய் நின்றாள். மார்ச் கடைசியில் ஜோதிமணி அவளைத் தாண்டினாள். வெயில் காரணம் என்று நினைத்தாள். ஏப்ரலில் ஐம்பது படிக்கு ஒருமுறை நெஞ்சு அடைத்தது. நிற்பது தெரியக் கூடாது என்று குனிந்து ஷூ லேசைக் கட்டுவாள். கட்டியதையே அவிழ்த்துக் கட்டுவாள்.

"உங்க லேசு மட்டும் ஏன் இத்தனை தடவை அவுருது?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"புது லேசுங்க சார். வழுக்குது."

ஒரு நாள் இருமும்போது கைக்குட்டையில் இளஞ்சிவப்பாகக் கறை விழுந்தது. கோயில் குழாயடியில் அலசிப் பிழிந்து பைக்குள் வைத்துக்கொண்டாள். பழக்கம் பத்தாததால் மூச்சு இளைக்கிறது, இன்னும் ஏறினால் சரியாகிவிடும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். வார நாட்களிலும் எக்ஸ்சேஞ்ச் மாடிப்படியில் ஏறி இறங்கத் தொடங்கினாள்.

ஜூன் இரண்டாம் தேதி ரயில். மே இரண்டாவது வாரம், தகுதிச் சான்றில் கையெழுத்து வாங்க அரசு டாக்டரிடம் போனார்கள். ஜோதிமணிக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அன்புச்செல்வியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி கேட்டார்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குமாம்மா?"

"மருதமலையே ஏறுறேனுங்க டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அதைப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்குச்சா?" என்று கேட்டார்.

வீங்கியது. ஒன்பது வயதில். சூலூர் ஆஸ்பத்திரிக்கு அம்மா இடுப்பில் தூக்கிப் போனது நினைவிருந்தது.

"மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடச் சொல்லியிருப்பாங்களே. எத்தனை வருசம் போட்டீங்க?"

அவளுக்குச் சில மாதங்கள்தான் நினைவிருந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து இதயத்து வால்வைச் சுருக்கிப்போட்டுது. ஊசியை விடாமப் போட்டிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது. நீ உசரத்துக்குப் போனா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அங்கிருந்து உசிரோட எறக்க முடியாது." சான்றில் 'தகுதியில்லை' என்று எழுதினார்.

அன்புச்செல்வி வீடு திரும்பியபோது கருப்பாத்தாள் கடலையை வறுத்து வெல்லப் பாகில் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "அங்க என்ன சோறு போடுவாங்களோ" என்றாள்.

"நான் போவலம்மா. நெஞ்சுல கோளாறாம்."

உருண்டை பிடித்த கை நின்றது. "எதனால கண்ணு?"

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னாள். "பொறவிலயே இருக்கறதாம்மா. யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்."

கருப்பாத்தாள் கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: "நீ வயித்துல இருக்கறப்ப ஒம்பது மாசம் வரைக்கும் வெயில்ல கடலை புடுங்குனேன். அதனாலயா கண்ணு?"

அடுத்த திங்கட்கிழமை, மருந்து எழுதி வாங்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கருப்பாத்தாள் கூடவே வந்தாள். டாக்டருக்கு வீட்டில் சொல்லப்பட்ட பொய் தெரியாது. "நீங்கதான் அம்மாவா? அந்த ஊசியை எப்ப நிறுத்துனீங்க?" என்று நேராகவே கேட்டார்.

கருப்பாத்தாள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். அவ்வளவில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆறு மாசம் போட்டமுங்க. அப்புறம் நாந்தானுங்க நிறுத்திப்போட்டேன். போட்டா ரெண்டு நாளைக்குப் புள்ள நொண்டி நடக்குமுங்க. ஊசின்னாலே கத்துமுங்க. தோட்டத்துலயும் வாரேன்னு சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா வைவாங்க. புள்ள நல்லா ஓடியாடிட்டு இருந்துச்சு. சரியாப் போச்சுன்னு நெனச்சுப்போட்டனுங்க." டாக்டரைப் பார்த்து, "அந்த ஊசிய இப்பப் போட்டா ஆவாதுங்களா?" என்றாள்.

"இனிமேலும் போடணும்தாம்மா. ஆனா சுருங்குனது சுருங்குனதுதான். ஆபரேசன் பண்ணித்தான் விரிக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்கள். அன்புச்செல்விக்கு அம்மா மேல் இரக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபமும் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜோதிமணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "எங்க சித்தப்பாவுக்கு ஒரு டாக்டரைத் தெரியுமக்கா. தொட்டுப் பாக்காமயே கையெழுத்துப் போட்டுத் தருவாரு. வாங்கிட்டு வரட்டுமா?"

அன்புச்செல்வி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே இருந்தாள். போய்ச் செத்தால் செத்துப்போகிறேன் என்றுகூடத் தோன்றியது. எப்படியோ விஷயம் திருமூர்த்தியின் காதுக்கு எட்டியது. அவர் அவளைச் சாப்பாட்டு அறைக்கு வெளியே கூப்பிட்டார்.

"பட்டாளத்துல புதுசா வந்த பையன் ஒருத்தன். மூச்சு வாங்குறதைச் சொன்னாக் கீழ அனுப்பிப்போடுவாங்கன்னு சொல்லாம விட்டுட்டான். மூணு மணி நேரம் நாந்தான் முதுகுல சொமந்து எறங்குனேன். பாதி வழியிலயே அவன் பேச்சு நின்னுபோச்சு. நின்னது தெரிஞ்சும் சொமந்துட்டே வந்தேன்." அவர் அவளை நேராகப் பார்த்தார். "உங்களை என்னால சொமக்க முடியாது அம்மணி. பட்டியல்ல உங்க பேரை நானே அடிச்சுப்போட்டேன். வையறதா இருந்தா என்னை வைஞ்சுக்குங்க."

அவள் வையவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் போர்டில் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அன்று மாலை இமயமலை அடிவாரத்து டேராடூனுக்கு ஒரு கால் வந்தது. இணைத்துக் கொடுத்தாள்.

அவளுக்குப் பதிலாகப் பெருந்துறையிலிருந்து ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். அன்புச்செல்வி தன் ஷூவை அவளிடம் கொடுத்தாள். அளவு சரியாக இருந்தது. கடலை உருண்டைகளையும் ஜோதிமணியின் பையிலேயே வைத்தாள். ரயிலடியில் கையாட்டி அனுப்பியபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ரயில் போன பிறகு பிளாட்பாரத்து பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது கருப்பாத்தாள் அடுப்பு பற்ற வைக்காமல் சுவரோரமாகக் குந்தியிருந்தாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"என்னை ஒரு வார்த்தை வைஞ்சாவது போடு கண்ணு. இப்படிப் பேசாம இருக்காத. என்னால முடியல."

அன்புச்செல்வி வைவதற்குத்தான் வாயைத் திறந்தாள். "ஏம்மா நிறுத்துன?" என்பது மட்டும்தான் வந்தது. அதற்குமேல் வரவில்லை. பல நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது. கருப்பாத்தாள் நகர்ந்து வந்து மகளின் காலைப் பிடிக்கப் போனாள். அவள் பதறி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். காய்த்துப்போன கைகள். இருவரும் தரையிலேயே உட்கார்ந்து, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அழுதார்கள்.

மறு வருடம் சென்னையில் அவளுக்கு ஆபரேசன் நடந்தது. பிழைத்தாள், வேலைக்கும் திரும்பினாள். ஆபரேட்டர் இல்லாமல் நேராகப் பேசும் எஸ்.டி.டி. பரவி டிரங்க் போர்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதால் பில் பிரிவுக்கு மாற்றினார்கள். பனியில் பன்னிரண்டு பேர் நிற்கிற போட்டோவை ஜோதிமணி கொடுத்திருந்தாள். அதை அவள் ஒரே ஒரு முறை பார்த்தாள்.

கருப்பாத்தாள் 1999இல் இறந்தாள். அதற்குள் "உன்ற மேல தப்பில்லம்மா" என்று அன்புச்செல்வி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். கோபமெல்லாம் போய், மனசாரத்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கருப்பாத்தாள் தலையை மட்டும் ஆட்டி, "நீ நல்ல புள்ள. அதனால சொல்ற" என்பாள்.