தேய்ந்த புஷ்ஷின் அளவு

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது செல்வராஜின் வண்டி உதிரிபாகக் கடை. அங்கே கவுண்டரில் பதினாறு வருஷமாக நிற்கிறவள் ரெஜினா. நிற்கிறவள் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் முட்டியை மடக்குவாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது செல்வராஜ் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். மறுநாளே ஒரு பழைய பேட்டரி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ரெஜினாவின் கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருண்டு கிடக்கிறது. டாக்டர் ரொம்ப நேரம் நிற்காதே என்றார். நல்ல டாக்டர். நிற்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று மட்டும் அவர் எழுதித் தரவில்லை.

அதனால்தான் கூடுவாஞ்சேரிக் கிளை என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. தை பிறந்ததும் திறக்கப்போகிற அந்தக் கடைக்கு அவள்தான் பொறுப்பு என்று செல்வராஜே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பொறுப்பாளருக்குத் தனி மேஜை, தனி நாற்காலி. சம்பளம் ஏறுமா என்று அவள் கேட்கவே இல்லை. நாற்காலிக்குக் கை உண்டா என்றுதான் கேட்டாள். புருஷன் சாம் சிறுசேரி கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன், நாளெல்லாம் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவன்.

"உக்காந்துகினே இருந்தா இடுப்பு புடிச்சிக்கும், பாத்துக்கோ," என்று கிண்டல் செய்தான்.

"புடிச்சிகினு போவட்டும். அந்த வலி இன்னான்னு நானும் பாக்கறேன்," என்றாள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ராமானுஜம் வந்தார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, மாமல்லபுரம் பக்கம் மணலில் ஓட்டிக்கொண்டிருந்தார். வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் கடகடவென்று சத்தம். வளைவில் வண்டி ஒரேயடியாகச் சாய்ந்துவிடாமல் இருக்க முன்னால் குறுக்கே ஓர் இரும்பு ராடு போகும். அதை அடிச்சட்டத்தோடு கவ்விப் பிடிக்கிற ரப்பருக்குத்தான் புஷ் என்று பெயர். அது தேய்ந்துவிட்டிருந்தது. கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்டிக் உறையில் வைத்து, 'உள்விட்டம் 27 மி.மீ.' என்று சீட்டு ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்.

ரெஜினா ரப்பரை எடுத்து ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தாள். "சார், ராடை அளந்துகினு வந்தீங்களா?"

"எதுக்கும்மா? புஷ்ஷையே அளந்தாச்சே. மூணு தடவை அளந்தேன்."

"இது தேஞ்சது சார். வாய் அகண்டு போயிகீது. இதே அளவுல புதுசு போட்டா ராடு உள்ள ஆடிகினேதான் இருக்கும். இந்த வண்டிக்கு இருபத்தஞ்சு வரும். எதுக்கும் ராடை ஒரு தபா அளந்துட்டு வாங்க."

சரியான பேச்சு. வருகிறவர்களில் பாதிப் பேர் தேய்ந்த ரப்பரை அளந்துவிட்டு வந்துதான் சத்தியம் செய்வார்கள். திருப்பி அனுப்பினால் திட்டிக்கொண்டே போய் ராடை அளந்து, அசடு வழியத் திரும்பி வருவார்கள். ராமானுஜம் அந்த ரகமில்லை. அளவு தப்பக் கூடாது என்பதற்காகவே முப்பத்துநாலு வருஷம் சம்பளம் வாங்கியவர். இப்போதும் அளவு தப்பவில்லை, அளந்த பொருள்தான் தப்பு. அதை ஒரு கவுண்டர்காரி எடுத்துச் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க என்ன படிச்சிருக்கேள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பத்தாவது சார்."

"நான் படிச்சதைச் சொன்னா நேரமாயிடும். இருபத்தேழு எடுங்கோ."

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். செல்வராஜும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாமென்று சொல்லியும் ஒருவர் வாங்கிப் போனால், பில்லின் அடியில் 'வாடிக்கையாளர் சொன்ன அளவு' என்று எழுதிக் கொடுப்பார்கள். பிறகு யார் தலையும் உருளாது. ரெஜினா பேனாவைத் திறந்தபோது செல்வராஜ் தடுத்தார்.

"இன்னா ரெஜினா, பெரிய மனுஷன் பில்லுல போயி அதெல்லாம் எழுதிகினு. கையெழுத்த மட்டும் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ராமானுஜம் திரும்பி வந்தார். சத்தம் இம்மியும் குறையவில்லை. மாமல்லபுரத்தில் எல்லப்பன் என்ற மெக்கானிக் அடியில் படுத்து ராடை அளந்து, இருபத்தஞ்சு என்று எழுதிக் கொடுத்திருந்தான். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கூடவே மனைவி சியாமளா வந்திருந்தார். அந்த அம்மாள் எதிரில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள அறுபத்தாறு வயதாகியும் அவர் பழகியிருக்கவில்லை. பில்லை விரித்து, ரெஜினாவின் கையெழுத்தை விரலால் தட்டினார்.

"இந்த அம்மாதான் தப்பான அளவைத் தூக்கிக் குடுத்துட்டா."

ரெஜினா செல்வராஜைப் பார்த்தாள். நடந்தது முழுக்கத் தெரிந்தவர் அவர். அவரோ மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். "சார்கிட்ட ஒரு சாரி சொல்லிடு ரெஜினா. வெறும் வார்த்தைதானே," என்றார்.

அவளுக்கு 'நான் அப்பவே சொன்னேன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தை பிறக்க இன்னும் சில வாரம்தான் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் நாற்காலி போய்விடும் என்று நினைத்தாள். வெறும் சாரி போதாமல் போய்விடுமோ என்ற பயம் வேறு.

"சாரி சார். நான்தான் அளவ மாத்திக் குடுத்துட்டேன்."

"பரவாயில்லை, விடுங்கோ. படிப்பு இல்லாதவா, என்ன செய்வா," என்று ராமானுஜம் மனைவியைப் பார்த்துச் சொல்லி அவளை மன்னித்தார். சியாமளா, "பாவம்," என்றார். இருபத்தஞ்சை வாங்கிக்கொண்டு இருவரும் சந்தோஷமாகப் போனார்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் செல்வராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கூடுவாஞ்சேரிக் கடையைத் தங்கை மகன் குமாரிடம் விடப்போவதாகச் சொன்னார். குமாருக்கு புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த முடிவை எடுத்தது அன்றைக்கா, ஒரு மாதம் முன்பேயா என்பது செல்வராஜுக்கே வெளிச்சம்.

"எனக்குன்னுதானேண்ணே சொன்னீங்க?"

"சொன்னேன், இல்லேங்கல. ஆனா சைஸை மாத்திக் குடுத்துட்டேன்னு நீயே இன்னிக்கி எல்லார் எதிர்லயும் ஒத்துகினியே. அப்பறம் உன்ன நம்பி எப்பிடி ஒரு கடைய வுடறது?"

"நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?"

"நான் சாரிதான் சொல்லச் சொன்னேன். மாத்திக் குடுத்துட்டேன்னு நானா சொல்லச் சொன்னேன்?"

அவர் சொன்னது உண்மைதான். அந்த ஒரு வாக்கியத்தை அவளாகத்தான் கூடச் சேர்த்துச் சொல்லியிருந்தாள். கவுண்டரில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ரெஜினா போய் நின்றாள்.