மேல் மாடிக்கு அறுத்து வைத்த கம்பிகள்

1. திங்கட்கிழமை, அண்ணையும் நானும் கட்டும் கட்டடத்தின் மூன்றாம் மாடித் தட்டுக்குக் கொங்கிறீட் போட்டு முடிந்தது.
2. செவ்வாய் விடிய அண்ணைக்கு நெஞ்சு நோவு வந்தது. வைத்தியசாலை போய்ச் சேருமுன் காலமானார்.
3. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு மறுநாள் கட்டட முதலாளி வீட்டுக்கு வந்தார். நான்காம் மாடியை மண்டபமாக்கப் போவதாகவும், அதை இரண்டடி உயர்த்த வேண்டும் என்றும் சொன்னார்.

முப்பத்தோராம் நாளான இன்று அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதல் இரண்டும் தெரியும். மூன்றாவதையும் அண்ணையின் வாழ்க்கையோடு சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணை உடுப்பிட்டியில் பிறந்தார். அப்பா காலமானபின் படிப்பை விட்டுக் கட்டட வேலையில் கம்பி கட்டப் போனார். பிறகு சொந்தமாகக் கொந்தராத்து எடுத்தார். என்னைப் பொறியியல் படிப்பித்தார். நான் படித்து வந்ததும் இருவரும் சேர்ந்தே வேலை செய்தோம்.

கம்பி வீணாவது அவருக்குப் பொறுக்காது. மாடி மாடியாகப் பார்த்து அறுத்தால் துண்டுகள் மிஞ்சும். முழுக் கட்டடத்தையும் ஒன்றாகப் பார்த்தால், ஒரு தூணின் மிச்சம் இன்னொரு மாடியின் படிக்கட்டுக்குப் போகும். நான் கணக்குப் போட்டேன். அவர் நான்கு மாடிக்கும் முன்கூட்டியே அறுத்து அடுக்கினார்.

"காகம் கூடு கட்டக்கூட ஒரு துண்டு விடமாட்டியள் அண்ணை," என்று வேலையாட்கள் பகிடி பண்ணுவார்கள்.

"காகத்தைச் சுள்ளி பொறுக்கச் சொல்லு," என்பார்.

உயரம் மாறினால் நான்காம் மாடிக்கு அறுத்த தூண் கம்பிகள் கட்டை; நீளம் போதாது. முதலாளியிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப கம்பியோடை கம்பி ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறிச் சேருற இடத்திலை கொஞ்சம் குறைச்சுப் பிடியுங்கோவன், பிள்ளை."

"அதிலை மிச்சம் பிடிக்கேலாது, ஐயா. தூண் தாங்காது."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "ஓம். உங்கடை அண்ணையும் இதைத்தான் சொல்லியிருப்பார்," என்றார். ஆனால் உயரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணையைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிய அயலவர்களுக்கும், அண்ணையின் மனைவியான மச்சாளைத் தனியே விடாமல் கூட இருந்த உறவினர்களுக்கும் நன்றி. செய்தி கேட்ட பின்னும் புதுத் தட்டுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தாத வேலையாட்களுக்கும் நன்றி. தட்டு வெடிக்கவில்லை.

மேல் மாடி இரண்டடி உயர்கிறது. அதன் தூண்களுக்குப் புதுக் கம்பி வந்துவிட்டது. அண்ணை அறுத்தவற்றில் ஒரு பகுதி, தண்ணீர்த் தாங்கியின் கீழ் வரும் கட்டைத் தூண்களுக்குப் போகும். மற்றவற்றுக்கு நான் இன்னும் இடம் காணவில்லை.