சாய்ந்தமருதில் பாதியில் நின்ற கதை

காலை ஆறரை மணிக்குக் கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கியபோது என் கால்கள் இரண்டும் மரத்துப் போயிருந்தன. கொழும்பிலிருந்து இரவு முழுக்க வந்த பயணம். யுத்தம் முடிந்து மூன்று மாதமாகிறது என்கிறார்கள். வழியிலிருந்த சோதனைச் சாவடிக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலும். இறக்கிய இடத்திலெல்லாம் என் பையிலிருந்த, இடுப்பில் உடுக்கிற ஒரே சாரத்தை எடுத்து உதறிப் பார்த்தார்கள்.

இத்தனை பாடுகளுக்கும் காரணம் என் கதைப் பைத்தியம். சின்ன வயதிலிருந்தே எனக்கு வேறெதிலும் அக்கறை இருந்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் "பிறகு?" என்று கேட்பேன். அதே பைத்தியத்தில் வானொலி நாடகம் எழுதினேன். நாடகம் சோறு போடாததால், சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கதை எழுதும் உத்தியோகத்துக்குச் சேர்ந்தேன். ஆம், அப்படியும் ஓர் உத்தியோகம் இருக்கிறது. வீடு கிடைத்த குடும்பத்தின் கதையை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். முதலில் கண்ணீர், கடைசியில் சிரிப்பு, நடுவில் நிறுவனத்தின் பெயர். வெளிநாட்டில் பணம் கொடுத்தவர்கள் அதை வாசித்து மனம் நிறைவார்கள்.

சாய்ந்தமருது மூன்று கிலோமீற்றர்தான். ஓட்டோக்கார நியாஸ் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறிவிட்டேன். நான் கதை எழுத வேண்டிய றஹ்மத்தும்மாவின் வீடு என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"கதை கேக்கவா சேர்? சரியான ஆளுட்டத்தான் போறீங்க. றஹ்மத் ராத்தா கதைக்கத் தொடங்கினா எங்கட பொம்புளையள் அடுப்புல வச்ச சோத்தயும் மறந்திருவாங்க."

கடற்பக்கத் தெருவில் வீடுகள் இருந்த இடங்களில் கிணறுகள் மட்டும் நின்றன. புது வீடுகள் சற்று உள்ளே தள்ளி வரிசையாக இருந்தன. றஹ்மத்தும்மா வீட்டு வாசற்சுவரில் ஒரு பளிங்குப் பலகை. எங்கள் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும், அவருடைய கணவர் இஸ்மாயிலின் பெயர் சிறிதாகவும் பொறித்திருந்தது. மகள் சிஹானா பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். நான் பேனாவைத் திறந்தேன்.

"அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை தம்பி" என்று றஹ்மத்தும்மா தொடங்கினார். "கடல் உள்ளுக்குப் போயிட்டு. பொடியனுகள் மீன் பொறுக்க ஓடுறானுகள். எனக்கு நெஞ்சு சரியில்ல. இவள இழுத்துக்கிட்டுப் பள்ளிவாசல் பக்கம் ஓடினன். அரைவாசித் தூரத்துல நிண்டன். ‘நீ ஓடு மகள்’ எண்டு தள்ளிவிட்டுட்டுத் திரும்பி ஊட்டுக்குள்ள வந்தன். வாசல்ல தண்ணி. அலுமாரியத் துறந்தன்…"

நிறுத்தினார். பிளேன்ரீயை எடுத்து ஆறுதலாகக் குடித்தார்.

"பிறகு?" என்றேன்.

"மிச்சம் பேர மாத்தினாப் பொறகு."

எனக்கு விளங்கவில்லை. அவர் சுவர்ப் பலகையைக் காட்டினார்.

"எங்கட ஊர்ல ஊடு பொம்புளப் புள்ளைக்கு. உம்மா எனக்குத் தந்தா, நான் இவளுக்குக் குடுக்கணும். கடல் கொண்டு போனது என்ட ஊடு. ஒங்கட ஆக்கள் வந்து குடும்பத் தலைவர் ஆரெண்டு கேட்டாங்க. இந்த மனிசன் கைய ஒசத்திட்டார்."

"தலைவர் எண்டா நான்தானே?" என்றார் கதவோரம் நின்ற இஸ்மாயில் பரிதாபமாக. "ஊட்டயும் என்ட பேர்ல எழுதுவாங்கண்டு ஆருக்குத் தெரியும்?"

சிஹானாவுக்கு நோன்புப் பெருநாள் முடிந்து நிக்காஹ் என்று பேச்சு. எங்கள் நிறுவன விதிப்படி, வீட்டின் உறுதிப் பத்திரத்தில் பெயருள்ளவர் பத்து வருடத்துக்கு வீட்டை வேறு யாருக்கும் எழுத முடியாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, வாசலில் வாப்பாவின் பெயரை வாசித்துவிட்டு, தேதி பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பிப் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் உறுதியைக் கையளித்துவிட்டால் அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான்.

"அதுக்கு நான் என்ன செய்யிறது அக்கா? நான் கதை எழுதுறவன்."

"அதான் தம்பி. தண்ணிப் போத்தலோட வந்தவனுக்கும் சொன்னம், கெமராவோட வந்தவனுக்கும் சொன்னம். முழுசாக் கேட்டுட்டுப் போன ஒருத்தரும் திரும்பி வரல்ல. நீங்க வருவீங்க."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இரவு முழுக்கக் குலுங்கி வந்தவனுக்கு அரைக் கதையா? இஸ்மாயிலிடம் அலுமாரிக்குள் என்ன இருந்தது என்று கெஞ்சினேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சிஹானா சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பும் வழியில் நியாஸைப் பிடித்தேன்.

"எனக்குத் தெரியும் சேர். ஆனா ராத்தா சொல்ற மாதிரி எனக்கு வராது. நான் சொல்லிக் கெடுக்கக்கூடாது."

ஊர் முழுக்கத் தெரிந்த முடிவு எனக்கு மட்டும் தெரியாது!

கல்முனையிலிருந்து எங்கள் நிறுவனத்தின் கொழும்புக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் முகாமையாளர் மிக இலகுவாகச் சொன்னார்: "முடிவை நீரே போடும். எழுத்தாளர்தானே?"

போடலாம். அழ வைக்கிற மாதிரியே போடலாம். ஆனால் வாசலில் தண்ணீர் நிற்க, பெற்ற மகளைத் தள்ளிவிட்டு ஒரு தாய் எதை எடுக்கத் திரும்பினாள் என்று தெரியாமல் என்னால் ஒரு வரியும் எழுத முடியாது.

"வீட்டை மகளின் பெயருக்கு மாத்துங்கோ சேர். அதுக்குப் பிறகுதான் கதை."

"என்ன, மிரட்டுறீரோ?"

"நான் இல்லை சேர். அந்த அக்கா." நடந்ததைச் சொன்னேன். அந்த அக்கா நிறுத்திய இடத்திலேயே நானும் நிறுத்தினேன்.

முகாமையாளர் மெதுவாகக் கேட்டார்: "அலுமாரிக்குள்ள அப்பிடி என்னத்தை எடுக்கப் போனவ?"

கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். சோறு பிசைந்த கையோடு அவளும் "பிறகு?" என்றாள். தெரியாது என்றதும் கோபித்தாள். கோபம் ஆறியபின், நாங்கள் இருக்கும் வீட்டின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. என் பெயரில்தான் இருக்கிறது. நான் தண்ணீர் குடித்தேன்.

அந்த வாரக் கடைசியில் முகாமையாளரே அழைத்தார். உறுதியில் சிஹானாவின் பெயரைப் போட்டாயிற்றாம். பலகையும் மாறுகிறதாம். "இண்டைக்கே பஸ் ஏறும். கேட்டதும் முதலில் எனக்குச் சொல்லும்" என்றார்.

கதை சொல்லியே இத்தனை வருடம் வயிறு வளர்த்தவன் நான். சொல்லாமல் நிறுத்தி ஒரு வீட்டை வாங்கிய பெண்ணிடம், மிச்சத்தைக் கேட்க, அதே சாரத்தை மடித்து வைக்கிறேன். வழியில் உதறிப் பார்க்கட்டும்.