ஆண் வாடை இல்லாத வீடு

வாசல் சரளைக்கல்லில் கார் ஏறும் சத்தம் கேட்டதும் மில்தா முதலில் செய்வது, இரண்டாவது டீக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பது. யார் வந்தார்கள் என்று எட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதற்குள் அவள் புருஷன் எபோ பின்பக்கச் சுவரேறிக் குதித்து, பக்கத்து வீட்டுக்காரி ப்ரீஜின் கோழிக் கொட்டகைக்குள் புகுந்திருப்பான். தபால்காரன் வந்தாலும் இதே கூத்துதான்.

மில்தா லித்துவேனியாக்காரி. அயர்லாந்தில், மோனகன் பக்கம் ஒரு காளான் பண்ணையில் வேலை. எபோ கானாவில் எல்மினா கடற்கரைக்காரன். அடைக்கலம் கேட்டு வந்தவனுக்கு அடைக்கலம் கிடைக்கவில்லை, மில்தா கிடைத்தாள். மாதாகோவில் கூடத்தில் பழந்துணி விற்றபோது ஒரே கம்பளிக் கோட்டை ஆளுக்கொரு கை பிடித்து இழுத்ததில் தொடங்கிய பழக்கம், கல்யாணத்தில் வந்து நின்றது.

வேறு நாட்டில் போய் உழைக்கும் ஐரோப்பியக் குடிமகள் தன் புருஷனைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஐரோப்பியச் சட்டம். அதை நம்பித்தான் மில்தா மனுப் போட்டாள். அரசாங்கமோ, புருஷன் இதற்கு முன் வேறொரு ஐரோப்பிய நாட்டில் முறையாகக் குடியிருந்திருக்க வேண்டும், இவன் நேராக இங்கே வந்திறங்கியவன், ஆகவே வெளியேறு என்று சொல்லிவிட்டது. கட்டினவளோடு வாழ வேண்டுமென்றால் முதலில் இன்னொரு நாட்டில் வாழ்ந்துவிட்டு வா என்பது எந்த ஊர் நியாயமோ! இப்படி மாட்டிக்கொண்ட தம்பதிகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். நோரீன் என்கிற வக்கீலம்மா இவர்கள் சார்பில் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டாள். லக்ஸம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் இதே சங்கதியை விசாரிக்கிறது, அங்கே தீர்ப்பு வரட்டும் என்று இங்கே வழக்கை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

ஓரமாக இருந்தது வழக்குதான். பயம் நடுவீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. பக்கத்து ஊரில் இதே சிக்கலில் இருந்த ஒருவன், வழக்கமாகப் போடும் கையெழுத்துக்காகப் போலீஸ் நிலையத்துக்குப் போனான். அப்படியே விமானமேற்றி விட்டார்கள். அவன் பெண்டாட்டி அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து மில்தா எபோவை வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்தாள். அவன் சட்டை, சவரக்கத்தி, பைபிள் எல்லாம் ப்ரீஜின் கொட்டகைக்குப் போயின. கல்யாணப் படம்கூடக் கோழித் தீவனப் பீப்பாய்க்குப் பின்னால் போயிற்று. சாப்பாடும் அவன் ஊர் வழக்கப்படி ஒரே தட்டில், இருவரும் கையால். ஒரு தட்டுதான் கழுவ வேண்டும்.

"வந்து பாத்தாங்கன்னா ஒரு கன்னியாஸ்திரி குடியிருக்கான்னு நினைச்சுக்குவாங்க" என்பான் எபோ.

"வாயை மூடிட்டுத் தின்னு."

மில்தாவுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது சோவியத் ஆட்சியில் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு ரயிலேற்றப்பட்டவர். திரும்பி வந்த பிறகும், சாகும்வரை, மறுபடி பிடித்துக்கொண்டு போனால் ஆகுமென்று, காயவைத்த கறுப்பு ரொட்டியை ஒரு பையில் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார். இவளும் எபோவுக்கு அப்படியொரு பை கட்டினாள்.

"விமானத்துல சாப்பாடு குடுப்பாங்கடி."

"குடுத்தா தின்னு. குடுக்கலன்னா இதைத் தின்னு."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டைகூட அவர்கள் குசுகுசுவென்றுதான் போட்டார்கள். வீட்டில் ஆண் குரல் கேட்கக் கூடாதே! ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் சத்தமாக இருந்தது. கொட்டகையில் இருப்பவன் காதில் தன் பெயர் விழுந்தால், ஆபத்து என்று பொருள். வயலைத் தாண்டி ஓடிவிட வேண்டும்.

கோடையில் தீர்ப்பு வந்தது. புருஷன் முன்னால் எந்த நாட்டில் இருந்தான் என்று கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். நோரீன் போனில் கத்தினாள். "ஜெயிச்சாச்சு மில்தா! இனிமே ஒளிய வேண்டாம். ஆனா ஒண்ணு, பொய்க் கல்யாணமான்னு பாக்க வீட்டுக்கு வருவாங்க. அவர் அங்க குடியிருக்கார்னு பாத்தாலே தெரியணும், என்ன?"

தீர்ப்பு மில்தாவின் காதுக்குள் போயிற்று, அடிவயிற்றுக்குள் போகவில்லை. சாமான்களை எடுத்துவரலாமா என்று எபோ கேட்டதற்கு, "குடியிருப்பு அட்டை கைக்கு வரட்டும். இதுவே ஒரு பொறியா இருந்தா?" என்றாள். கூண்டைத் திறந்துவிட்டாலும் வெளியே வராத கோழி மாதிரி ஆகிவிட்டிருந்தாள். அவனும் வற்புறுத்தவில்லை. அவனுக்கும் பயம்தான்.

அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சரளைக்கல் நொறுங்கியது. எபோ செருப்பைக்கூடப் போடாமல் சுவரேறினான். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். வந்தவர்கள் இரண்டு பேர்: கோப்போடு ஒரு அதிகாரியம்மா, சீருடையில் ஒரு போலீஸ்காரர்.

"கும்பிடுறேங்க. உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

"இல்ல." மில்தாவின் வாய் தானாகவே சொல்லிவிட்டது. "இங்க யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அதிகாரியம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியில் பாவாடைகள். குளியலறையில் ஒரே பல்துலக்கி. மேஜையில் ஒரே தட்டு. சுவரில் ஒரு படம்கூட இல்லை. போலீஸ்காரரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சரிங்க. கல்யாணம் காகிதத்துல மட்டும்தான் இருக்குன்னு எழுதிடவா?"

அப்போதுதான் மில்தாவுக்குத் தலையில் இடி விழுந்தது. இவர்கள் எபோவைப் பிடிக்க வரவில்லை, பார்க்க வந்திருக்கிறார்கள். அவனைத் தானே இந்த வீட்டிலிருந்து இல்லாமல் ஆக்கிவிட்டதும் உறைத்தது. பின்கதவைத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எபோ!"

கத்திய பிறகுதான் ஏற்பாடு நினைவுக்கு வந்தது. கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. எபோ வெறுங்காலோடு வயலில் ஓடினான். அதிகாரியம்மா ஜன்னல் வழியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். போலீஸ்காரர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

மில்தா பாய்ந்து ஓடினாள். வயல் சேற்றில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். திரும்பிப் பார்த்த எபோவுக்கு, பின்னால் வந்த போலீஸ்காரர் அவளைத்தான் துரத்துகிறார் என்று தோன்றியிருக்க வேண்டும். நின்றான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ப்ரீஜ் தீவன வாளியோடு நின்றவள், "அட கடவுளே, அந்தப் பிள்ளைய ஒண்ணும் செஞ்சுடாதீங்க!" என்று அலறினாள்.

சமையலறையில் சேறு சொட்ட நின்றவனிடம் அதிகாரியம்மா கேட்டார்: "நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?"

எபோ மில்தாவைப் பார்க்கவே இல்லை. "இல்லைங்க. இந்தம்மாவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் கொட்டகைல திருட்டுத்தனமாப் படுத்திருந்தேன். இவங்களை விட்டுடுங்க."

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வெடித்துவிட்டாள். அத்தனை நாள் அடக்கி வைத்த குரல், கூரையைத் தூக்கியது.

"சம்பந்தம் இல்லையா? ராத்திரி பூரா குறட்டை விட்டு என் தூக்கத்தைக் கெடுக்கிறவன் யாரு? என் ரொட்டிச் சட்டில கருவாடு வறுத்து வீடெல்லாம் நாற வெச்சது யாரு? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப உன் ஊர்ப் பாட்டுப் பாடி என் உசுரை வாங்கினது யாருடா? சம்பந்தம் இல்லையாம்!"

"மெதுவாப் பேசு மில்தா..."

"பேச மாட்டேன்! மெதுவாப் பேசிப் பேசித்தான் இந்தக் கதி!"

"கருவாடு நீயும்தானே தின்ன!"

"நீ கண்ணைக் கண்ணை உருட்டினே, தின்னேன்!"

சட்டென்று நின்றார்கள். சீருடைக்காரர் முன்னால் இவ்வளவு சத்தம் போட்டுவிட்டோம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எல்லாம் சொல்லியாகிவிட்டது. இது பொறியாக இருந்தால், புருஷனைத் தன் வாயாலேயே பிடித்துக் கொடுத்தாயிற்று. அதிகாரியம்மா ஏதோ எழுதினார். எழுதி முடிக்கும் மட்டும் மில்தா எபோவின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மறுபடியும் கேக்குறேன்" என்றார் அவர். "இங்கதான் குடியிருக்கீங்களா?"

எபோ இப்போது மில்தாவைப் பார்த்தான். "ஆமாங்க. இவ என் பெண்டாட்டி."

அவர் எழுதிக்கொண்டிருந்த கோப்பை மூடினார். வாசல்வரை போய்த் திரும்பி, எபோவிடம் வேகமான ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பயத்தில் மில்தாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

"என்ன சொல்றாங்க? எப்ப கூட்டிட்டுப் போவாங்களாம்?"

"போட்டோ கேக்குறாங்க மில்தா. என் போட்டோ ரெண்டு."

"எதுக்கு?"

"குடியிருப்பு அட்டைல ஒட்டுறதுக்காம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அது பயத்தில் வந்த அழுகைதான். சந்தோஷம் வருவதற்கு அவளுக்கு இன்னும் நாளாயிற்று.